மலிவான ஆள்

ஏழாம் நம்பர் பிரஸ் சொன்னபடி நிற்பதில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் யுவராணி. அதில் வேலை செய்தவள் அவள்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் கதவுகளுக்குக் கீல் செய்து கொடுக்கிற கம்பெனி அது. பிரஸ்ஸின் வாய்க்குள் ஆள் கையால் தகட்டை வைக்கவேண்டும், கையை எடுத்ததும் மேலிருந்து இரும்பு இறங்கி ஒரே அடியில் தகட்டை வளைத்துவிடும். கையை எடுக்க மறந்தாலும் ஆபத்து வராமலிருக்க, வாயின் இரண்டு பக்கமும் இரண்டு சின்னக் கம்பங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டிருக்கும். கை குறுக்கே இருந்தால் பிரஸ் இறங்காது. அதற்குப் பெயர் சென்சார். ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் சென்சாருக்கு வயதாகிவிட்டது. சில நேரம் கை இருப்பது அதற்குத் தெரிந்தது, சில நேரம் தெரியவில்லை.

"அண்ணே, கையி உள்ள கீது, அது பாட்டுக்கு எறங்குது. இன்னிக்கு ரெண்டு தபா. நான் இஸ்துக்கினேன், சரியா போச்சு. நாளிக்கு தூக்கக் கலக்கத்துல இஸ்துக்க மறந்துட்டா இன்னா பண்றது?" என்று யுவராணி கேட்டாள்.

அவள் கேட்டது மேக்ஸ்வெலிடம். மேக்ஸ்வெல் அங்கே மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். அயனம்பாக்கத்தில் வீடு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஃபெபி என்ற மனைவி, யாரிடமும் குரல் உயர்த்தாத சுபாவம். அவர் சென்சாரைக் கழற்றிப் பார்த்தார், துடைத்தார், ஒயரை மாற்றினார், மறுபடி மாட்டினார். அது திருந்தவில்லை. புதிது வாங்கவேண்டும்.

பெல்ட், பல்பு, எண்ணெய், நட்டு, போல்ட் இவற்றை மேக்ஸ்வெல் தன் பொறுப்பில் வாங்கலாம். சென்சார் அந்த வகையில் வராது. அதற்குத் திங்கட்கிழமை மீட்டிங்கில் ஒப்புதல் வேண்டும்.

"திங்கக்கிழமை சொல்லி வாங்கிடறேன்மா. அதுவரைக்கும் கையை உள்ள விடாத, கொறடால புடிச்சு வை" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் திங்கட்கிழமைதான் மீட்டிங்குக்குச் செலவாகிறது என்ற உண்மை கம்பெனிக்குத் தெரியவந்தது.

ஜெனரல் மேனேஜர் வீரராகவன் அதற்கு முந்தைய வாரம் நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் நடந்த கருத்தரங்கத்துக்குப் போயிருந்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் மலைக்குப் போய்வந்தவர்களின் தெளிவு இருந்தது. எல்லா மேனேஜர்களையும் சூப்பர்வைசர்களையும் மாடியிலிருந்த மீட்டிங் அறைக்கு வரச்சொன்னார்.

"நண்பர்களே, நாம இந்த அறையில உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கம்பெனிக்குச் செலவு. உங்க சம்பளம் ஓடுது, என் சம்பளம் ஓடுது, ஏசி ஓடுது. இத்தனை வருஷமா இதை யாருமே கவனிக்கலை. ஏன் கவனிக்கலை? கவனிக்கறதுக்குன்னு நாம ஒரு மீட்டிங்கே போடலை!" என்று வீரராகவன் தொடங்கினார்.

எல்லோரும் கைதட்டினார்கள். காலை டீயோடு ஆரம்பித்த அந்தப் பேச்சு மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை நடந்தது. வீணான மீட்டிங்குகள் பற்றி, தேவைக்கு மேல் நீளும் பேச்சுகள் பற்றி, சொன்னதையே திரும்பச் சொல்லும் பழக்கம் பற்றி அவர் மூன்று விதமாகச் சொன்னார். முடிவில் மேக்ஸ்வெல் எழுந்து நின்றார்.

"சார், ஏழாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஒரு சென்சார்..."

"பார்த்தீங்களா?" என்றார் வீரராகவன் மற்றவர்களிடம், வருத்தத்தோடு. "இவ்வளவு நேரம் சொன்னதுக்கு அப்புறமும் புதுசா ஒரு பேச்சை ஆரம்பிக்கறார். அடுத்த வாரம் பார்ப்போம் மேக்ஸ்வெல்."

அடுத்த வாரத்துக்குள் கூட்டச் செலவுக் கட்டுப்பாட்டுப் பிரிவு என்று ஒரு புதிய பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைவியாகத் திவ்யா என்ற பெண் வந்தாள். படித்தவள், சிரித்த முகம், யாரையும் மனம் நோகப் பேசமாட்டாள். மீட்டிங் அறைச் சுவரில் அவள் ஒரு பெரிய திரையை மாட்டினாள். உள்ளே வருகிறவர்கள் அடையாள அட்டையை வாசலில் காட்டவேண்டும். அவரவர் சம்பளத்துக்கு ஏற்ப, கூட்டத்தின் செலவு திரையில் ஏறிக்கொண்டே போகும். ஆட்டோவில் ஏறினால் மீட்டரைப் பார்க்கமுடியாத ஊரில் மீட்டர் ஓடுவதை அங்கேதான் பலர் முதன்முதலாகப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்த வார மீட்டிங்கில் எல்லோரும் எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி பேசினார்கள். மேக்ஸ்வெலின் சென்சார் பட்டியலின் அடியில் இருந்தது. அவருக்கு முன்னால் பேசவேண்டிய ஒருவர், யார் முதலில் பேசுவது என்பதில் நேரம் வீணாகிறதே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். அதைப் பற்றி எல்லோரும் ஒரு கருத்துச் சொன்னார்கள். மேக்ஸ்வெல் வாயைத் திறந்தபோது அன்றைய செலவு வரம்பு முடிந்து திரை சிவப்பானது. ஏசி தானாக அணைந்தது. விளக்கும் அணைந்தது. இருட்டில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் கீழே இறங்கி வந்தபோது யுவராணி கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"இன்னாண்ணே, ஆச்சா?"

"அடுத்த வாரம்மா."

"கொறடால வெச்சா ஒண்ணுத்துக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆவுது. ஜெகன் சார் வந்து கத்தறாரு, கொறடாவப் புடுங்கி வெச்சுட்டாரு. அப்பால நான் எதுல வெக்கறது, மூக்குலயா?"

ஜெகன் உற்பத்தி மேனேஜர். அன்றே மேக்ஸ்வெல் ஏழாம் நம்பர் பிரஸ்ஸின் சுவிட்சைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை அந்தப் பூட்டு அறுக்கப்பட்டிருந்தது. பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஜெகன் அவரைத் தனியே அழைத்துச் சொன்னார்:

"மச்சான், தப்பா நெனைக்காத. ஒரு மெஷினை நிறுத்தணும்னா மீட்டிங்கில முடிவு பண்ணணும். ஓட்டறதுக்கு மீட்டிங் தேவையில்ல. நான் என்ன செய்ய? லோடு போகலைன்னா என்னை நிறுத்திடுவாங்க. அதுக்கும் மீட்டிங் தேவையில்ல."

மேக்ஸ்வெல் மாடிக்கும் தரைக்குமாக நடந்தார். ஒருநாள் வராந்தாவில் வீரராகவன் தனியாக வருவதைப் பார்த்து ஓடிப்போய் நின்றார். "சார், ஒரே நிமிஷம், அந்தப் பொண்ணு கை..." என்று ஆரம்பிப்பதற்குள் இரண்டு பேருடைய அடையாள அட்டைகளும் பீப் என்றன. இரண்டு பேர் ஒரே இடத்தில் நின்றால் அது நடைபாதைக் கூட்டம் என்று திவ்யா புதிதாக வகைப்படுத்தியிருந்தாள்.

"பாருங்க, என் சம்பளத்துல ஓடுது" என்று வீரராகவன் பதறிப்போய் நடக்கத் தொடங்கினார். மேக்ஸ்வெல் கூடவே நடந்தார். நடந்தால் அது கூட்டமா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. ஆனால் வீரராகவன் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மேக்ஸ்வெல் வெளியே காத்திருந்தார். வெகுநேரம் கழித்தும் கதவு திறக்கவில்லை. அவர் திரும்பிவந்துவிட்டார்.

அந்த வாரம் திவ்யா அவரைத் தன் மேசைக்கு அழைத்தாள். முகத்தில் சந்தோஷம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாரோட கணக்கையும் பார்த்தேன். நீங்க உள்ள வந்து உட்கார்ந்ததே மீட்டருக்குத் தெரியலை. இந்த மாடியில இருக்கறவங்கள்ல நீங்கதான் ரொம்ப மலிவு."

இதற்கு நன்றி சொல்லவேண்டுமா என்று மேக்ஸ்வெலுக்குப் புரியவில்லை. சொல்லிவைத்தார்.

"அதனால ஒரு யோசனை. பெரிய சம்பளக்காரங்க எல்லா மீட்டிங்குக்கும் வரவேண்டியதில்லை. அவங்களுக்குப் பதிலா நீங்க உட்காரலாம். உங்களை மாதிரி இன்னும் சிலர். செலவு பாதிக்கு மேல குறையும்."

"நான் உட்கார்ந்தா சென்சார் வாங்க ஒப்புதல் கொடுக்கலாமா மேடம்?"

"நீங்க உட்கார மட்டும்தான் சார்" என்றாள் திவ்யா, கனிவாக.

அப்படி மேக்ஸ்வெல் காலையில் கொள்முதல் பிரிவின் தலைவராகவும் மதியம் ஏற்றுமதிப் பிரிவின் தலைவராகவும் உட்காரத் தொடங்கினார். தரக் கட்டுப்பாட்டுத் தலைவருக்குப் பதிலாக வாசல் காவலாளி உலகநாதன் வந்தார். நிதி மேனேஜருக்குப் பதில், மாடியைப் பெருக்குகிற அம்மாள். வீரராகவனுக்குப் பதிலாகவே ஒருநாள் கேன்டீனில் வடை போடுகிறவர் வந்து அவர் நாற்காலியில் சாய்ந்து பார்த்தார். திரையில் எண் நகரவே இல்லை. திவ்யா அதைப் போட்டோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள்.

"இன்னா மேக்ஸு, நல்லாக் கீறியா? நான் இன்னிக்கு குவாலிட்டி" என்றார் உலகநாதன், ஏசிக் காற்றுக்கு நேராக நாற்காலியை நகர்த்திக்கொண்டு. "வெயில்ல நின்னுகினு வண்டி நம்பரு எய்தறதுக்கு இது எவ்ளோ தேவல. இன்னா ஒண்ணு, கேட்டுல யாரும் இல்ல. எவன் எத்தத் தூக்கினு போனானோ."

மேக்ஸ்வெல் அன்று அடக்கமாட்டாமல் சென்சார் விஷயத்தைச் சொன்னார். பெருக்குகிற அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். உலகநாதன் மேசையைத் தட்டினார்.

"இத்துக்கு இன்னாத்துக்கு யோசன? பொம்பளப் புள்ள கையி. வாங்கிப் போடுபா. குவாலிட்டி சொல்றேன், வாங்கு."

"பைனான்சும் சொல்லுது, வாங்கு" என்றாள் அம்மாள்.

கைகளைத் துடைத்துக்கொண்டு வடை மாஸ்டரும் ஒப்புக்கொண்டார். அத்தனை பிரிவும் ஒரே குரலில் முடிவெடுத்தது அந்தக் கம்பெனியின் வரலாற்றில் அதுதான் முதல் தடவை. மேக்ஸ்வெல் அந்த முடிவை ஒரு தாளில் எழுதித் திவ்யாவிடம் ஓடினார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள்.

"சார், இந்த முடிவுக்கு ஆன செலவைப் பாருங்க. ஒண்ணுமே இல்லை. இவ்வளவு மலிவா எடுத்த ஒரு முடிவை வெச்சு அவ்வளவு விலையுள்ள பொருளை வாங்கினா ஆடிட்ல என்ன சொல்வாங்க? முடிவுக்கும் ஒரு தகுதி வேணும் இல்லையா?"

"அப்ப பெரியவங்க உட்கார்ந்து முடிவு பண்ணட்டும் மேடம்."

"அது செலவு சார்" என்றாள் அவள். மறுக்கவேண்டியிருந்ததற்காக உண்மையிலேயே வருந்தினாள்.

அன்று வீட்டில் மேக்ஸ்வெல் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபெபி என்னவென்று கேட்டாள். சொன்னார்.

"நம்ம காசுல வாங்கிப் போட்டா என்ன?" என்று கேட்டாள் அவள்.

"கேட்டுட்டேன். வெளிப் பொருளை மெஷின்ல மாட்டறதுக்கு மீட்டிங்ல ஒப்புதல் வேணுமாம்."

ஃபெபி கண்ணை மூடிக்கொண்டு உதடு அசைய ஜெபித்தாள். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையிருக்கவில்லை.

பிறகு ஒருநாள் அவர் ஏற்றுமதியாக உட்கார்ந்திருந்தபோது கீழே ஓர் அலறல் கேட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினார். யுவராணி ஏழாம் நம்பர் பிரஸ் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். இடது கையை வலது கையால் பிடித்திருந்தாள். கையுறையின் இரண்டு விரல்கள் பிரஸ்ஸின் வாய்க்குள் கீலோடு சேர்ந்து நசுங்கிக் கிடந்தன. உள்ளே விரல் இல்லை. கையுறை அவளுக்குப் பெரிய அளவு, நுனி காலியாகத் தொங்கிக்கொண்டிருந்ததால் துணி மட்டும் போயிருந்தது. அவள் தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

மேக்ஸ்வெல் பிரஸ்ஸை அணைத்தார். பின்பக்கம் போய் மூடியைத் திறந்தார். கத்தியால் பெல்ட்டை அறுத்தார். ரப்பர் தடிமனாக இருந்தது, நேரம் பிடித்தது. யாரும் தடுக்கவில்லை. அறுத்து முடித்ததும் அதை இரண்டாகவும் நான்காகவும் வெட்டினார். பதினெட்டு வருஷ வேலையில் அவர் ஒரு பொருளைக் கெடுத்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் விசாரணை. அதற்கு மலிவான ஆட்கள் யாரும் வரவில்லை. இத்தனை வாரமாக மிச்சம் பிடித்த கூட்டச் செலவு கையில் இருந்ததால் எல்லா மேனேஜர்களும் அசலாகவே வந்து உட்கார்ந்தார்கள். முந்திரி வைத்த கேசரியும் போண்டாவும் வந்தன. திரையில் எண் குதித்துக்கொண்டு ஏறியது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"பெல்ட்டை அறுத்தீங்க" என்றார் வீரராகவன். "ஏன்?"

"அந்தப் பொண்ணு கை போயிருக்கும் சார்."

"போச்சா?"

"போகல சார். கையுறை..."

"அதைத்தான் சொல்றேன். கை போயிருந்தா அது விபத்து. விபத்துக்குன்னு தனி நிதி இருக்கு, தனி நடைமுறை இருக்கு. யாரையும் கேட்காம நானே ஒரு ஃபோன்ல முடிப்பேன். கை போகல. போகாத கைக்கு எந்தத் தலைப்புல செலவு எழுதறது? நீங்களே சொல்லுங்க."

மேக்ஸ்வெல் அவரையே பார்த்தார். "அப்போ கை போனாத்தான் வாங்குவீங்களா சார்?"

வீரராகவன் போண்டாவைக் கீழே வைத்தார். அவர் புண்பட்டிருந்தார். "அப்படி யாராவது சொல்வாங்களா? நானும் புள்ளை குட்டிக்காரன். ஒரு விரலுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வராது. ஆனா ஆகறதுக்கு முன்னாடியே தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டா நிர்வாகம் நடத்த முடியாது மேக்ஸ்வெல்."

பெல்ட்டின் விலையைச் சம்பளத்தில் பிடிப்பது என்றும், வேலையிலிருந்து நீக்குவதா என்பதைப் பிறகு கூடிப் பேசுவது என்றும் முடிவாயிற்று. சென்சார் பற்றி விசாரணையில் பேசக்கூடாது, ஏனென்றால் அது வேறு தலைப்பு.

அவர் கீழே இறங்கியபோது ஜெகன் புதிய பெல்ட்டை மாட்டி முடித்திருந்தார். மேக்ஸ்வெலைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். யுவராணி பிரஸ் முன்னால் போய் நின்றாள். முந்தைய நாள் வாந்தியைக் கழுவிய தடம் தரையில் இன்னும் தெரிந்தது. அவள் முகம் வெளுத்திருந்தது. கையைத் தூக்கித் தகட்டை எடுத்தாள், வைத்துவிட்டாள், மறுபடி எடுத்தாள்.

"நகரும்மா" என்றார் மேக்ஸ்வெல்.

"இன்னாண்ணே?"

"நான் ஓட்டறேன். நீ நாலாம் நம்பர்ல போய் நில்லு. அங்க சென்சார் இன்னும் கொஞ்சம் பரவாயில்ல."

"உனக்கு இன்னா பைத்தியமா? தள்ளிப் போண்ணே! உனக்கு பயக்கம் இல்ல."

"எனக்கு இந்த மெஷினைத் தெரியும். இறங்கப்போற சத்தத்த வெச்சே கண்டுபுடிச்சுடுவேன்."

அவர் அப்படித்தான் நம்பினார். பிரஸ் முன்னால் போய் நின்றார். யுவராணி கத்தினாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதுகொண்டே நாலாம் நம்பருக்குப் போனாள். ஜெகன் பார்த்தும் பாராதது போல இருந்துவிட்டார். கணக்குக்கு ஆள் ஒன்று, பிரஸ் ஒன்று, சரியாக இருந்தது.

சில நாள் அப்படி ஓடியது. மேக்ஸ்வெல் ஒவ்வொரு தகட்டையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். வீட்டுக்குப் போனால் கழுத்து இறுகிக் கிடந்தது. ஃபெபியிடம் சொல்லவில்லை. மாடியில் இதற்கிடையில் மலிவான ஆள் இல்லாமல் திண்டாட்டம். மூன்று பிரிவுகளுக்கு உட்கார ஆளில்லை. அந்த மாதம் குறைத்த மீட்டிங்குகளைப் பற்றி ஒரு மீட்டிங் இருந்தது, தலைமை அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள், நாற்காலிகள் காலியாக இருக்கக்கூடாது.

பிரஸ்களின் சத்தத்துக்கு மேலே ஒலிபெருக்கி கரகரத்தது.

"மேக்ஸ்வெல், உடனே மீட்டிங் அறைக்கு வரவும். மேக்ஸ்வெல், உடனே..."

அவர் தலையைத் திருப்பினார். பிரஸ் இறங்கியது.

வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. யுவராணிதான் முதலில் ஓடிவந்து துப்பட்டாவால் கட்டினாள். உலகநாதன் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையின் நடுவில் நின்று போகிற வண்டிகளையெல்லாம் கையைக் காட்டி மறித்தார்.

மூன்றாம் நாள் வீரராகவன் ஆப்பிள் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பில்லை.

"மேக்ஸ்வெல், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ஏழாம் நம்பருக்குப் புது சென்சார் வந்து மாட்டியாச்சு. அன்னிக்கு சாயந்தரமே! ஒரே ஃபோன். ஒரு மீட்டிங்கூட இல்லாம முடிச்சோம்" என்றார்.

அவர் குரலில் பெருமை இருந்தது. கட்டிலின் அந்தப் பக்கம் ஃபெபி நின்றுகொண்டிருந்தாள்.

"அந்த ஃபோனை ஏன் சார் முன்னாடியே பண்ணல?" என்று கேட்டாள்.

"முன்னாடி காரணம் இல்லையேம்மா" என்றார் அவர்.

ஃபெபி ஆப்பிள் பையை எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, இனி ஸ்பானர் பிடிக்கும் வேலை மேக்ஸ்வெலுக்கு வேண்டாம் என்றும், சம்பளம் குறையாமல் எல்லா மீட்டிங்கிலும் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கலாம் என்றும் சொன்னார். கம்பெனி இப்படி ஒரு பதவியை இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லையாம்.

"வேணாம். வேற எங்கயாவது பார்த்துக்கலாம்" என்றாள் ஃபெபி, அவர் போனதும்.

மேக்ஸ்வெல் மேற்கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "அங்க இன்னும் நிறைய பிரஸ் இருக்கு ஃபெபி. எல்லாத்துலயும் அதே வயசு சென்சார். நாலாம் நம்பர்ல யுவராணியை நான்தான் போய் நிக்கச் சொன்னேன்."

கட்டுப் பிரித்த மறுநாள் அவர் வேலைக்குப் போனார்.

விபத்து நடந்ததால் சோதனைக்கு வந்த அதிகாரி ஒருவர், பாதுகாப்புக் கூட்டத்தில் அசல் மேனேஜர்களே உட்காரவேண்டும் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். எனவே எல்லோரும் வந்திருந்தார்கள், புதிய பதவியில் மேக்ஸ்வெலும். பேச்சுக்குச் செலவாகிறது என்பதால் திவ்யா இப்போது பேச்சையே எடுத்துவிட்டிருந்தாள். அவள் தீர்மானத்தைப் படிப்பாள், மற்றவர்கள் கை தூக்கினால் போதும்.

"மீதியுள்ள பிரஸ்களுக்குப் புதிய சென்சார் வாங்குவதை அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைத்தல்" என்று படித்தாள். "ஆதரவு?"

மேனேஜர்களின் கைகள் உயர்ந்தன. ஜெகனின் கை பாதி உயர்ந்து நின்றது.

"எதிர்ப்பு?"

மேக்ஸ்வெல் வலது கையைத் தூக்கினார்.

தையல் போட்ட இடம் இன்னும் சிவந்திருந்தது. மிச்சமிருந்த விரல்கள் சரியாக விரியவில்லை. திவ்யா எண்ணுவதற்காக நிமிர்ந்தாள். உதடு "ஒண்ணு" என்று பிரிந்தது, சத்தம் வரவில்லை. அவள் தாளைப் பார்த்துக்கொண்டாள்.

"தீர்மானம்... நிறைவேறியது. அடுத்தது, கேன்டீன் தண்ணீர்க் குழாய்."

மேக்ஸ்வெல் கையை இறக்கவில்லை.

குழாய்க்கு ஆதரவு கேட்டாள். யாரும் கையைத் தூக்கவில்லை. உயர்ந்து நிற்கும் அந்தக் கைக்குப் பக்கத்தில் தங்கள் முழுக் கையைத் தூக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஒருவர் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஜெகன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. கீழே பிரஸ்கள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் தரை வழியாக நாற்காலிகளுக்கு வந்துகொண்டிருந்தது. மேக்ஸ்வெலுக்குத் தோளிலிருந்து முழங்கை வரை வலி ஏறியது. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"மேக்ஸ்வெல்" என்றார் வீரராகவன், மெதுவாக. "போதும். கையை இறக்குங்க."

"நீங்க முதல்ல கையெழுத்துப் போடுங்க சார்."

ஜெகன் எழுந்தார். திவ்யாவின் முன்னாலிருந்த தீர்மானத் தாளை எடுத்து, அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிவைத்தல் என்ற வார்த்தைகளை அடித்துவிட்டு, உடனே செய்தல் என்று எழுதி, தாளை வீரராகவன் முன்னால் வைத்தார்.

வீரராகவன் சட்டைப்பையைத் தடவிப் பேனாவைத் தேடினார்.